71 பேர் பார்த்த அழுகை

இந்த மாசி மாதம் என் அம்மம்மா வடமராட்சியில் காலமானா. 88 வயது. நிறைவான வாழ்க்கை என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் இரண்டு நாளும் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செய்தி எங்களுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். என் அம்மா ஸ்காபரோவில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தா. லண்டனில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அம்மம்மாவின் படத்தைப் போட்டு, ஆழ்ந்த இரங்கல், போய் வாருங்கள் பெரியம்மா என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஏற்கெனவே பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஊரிலிருந்து மாமா அழைத்தது அதற்கு இருபது நிமிடம் கழித்துத்தான். தன்னைப் பெற்றவ போய்விட்டா என்பதை என் அம்மா முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கம்பியைப் பிடித்தபடி, ஃபோனில் பார்த்துத்தான் அறிந்தா.

அந்தத் தம்பியில் பிழை சொல்லேலாது. அவருக்கும் துக்கம். அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்.

செத்தவீடு ஊரில் பகல் 11 மணிக்கு. எங்களுக்கு இரவு 12.30. தொலைக்காட்சியில் நேரலையைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் இருந்தோம். அம்மாவுக்கு மாறி மாறி அழைப்புகள். என் கணவர் விட்டு விட்டு வந்த படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் ஃபோனில் அம்மம்மாவைப் பற்றி ஒரு போஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். 13 வயது மகள் மாடிப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் எல்லே, போய்ப் படுங்கோ" என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் மச்சாள் அழைத்தா. "உம்மட மகள் ஸ்டோரி போட்டிருக்கிறாள், பாத்தனீரோ?"

பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஒரு காது. அம்மம்மாவின் காது.

அந்தக் காதுக்கு ஒரு கதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடியோவில் அழைப்போம். அம்மம்மாவுக்குக் கேட்கிறது குறைவு. எத்தனை தரம் சொன்னாலும் ஃபோனை முகத்துக்கு நேரே பிடிக்கமாட்டா, காதிலேயே வைத்துவிடுவா. அதனால் எங்களுடைய திரையில் தெரிவது தோடில்லாத, துளை நீண்டு தொங்கின ஒரு காது மட்டும்தான். மகள் அந்தக் காதோடுதான் கதைத்து வளர்ந்தாள். அடிக்கடி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வாள். அதில் ஒன்றைத்தான் போட்டிருந்தாள். கீழே இங்கிலீஷில் ஒரே ஒரு வரி: இனி ஆர் கேட்கப்போகினம்?

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தவுடனே பிடித்துக்கொண்டேன். "வீட்டுத் துக்கத்தை ஊருக்குக் காட்டவேணுமே?" அவள் ஆறுதலாகத்தான் பதில் சொன்னாள். "நீங்களும் போட்டனீங்கள்தானே அம்மா. எத்தனை கொமென்ட் வந்தது எண்டு அப்பாவுக்குச் சொன்னதும் எனக்குக் கேட்டது."

சொன்னேன்தான். 140க்கு மேலே என்று சொன்னேன்.

பிறகு அவளாகவே தன் ஃபோனைக் காட்டினாள். 71 பேர் பார்த்திருந்தார்கள். நாலு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருத்தி, இது என்ன, காதா, என்று சிரிப்பு இமோஜியோடு கேட்டிருந்தாள். மகளுடைய மிக நெருங்கிய சிநேகிதியும் பார்த்திருந்தாள், ஆனால் ஒன்றும் எழுதவில்லை. அதைச் சொல்லும்போதுதான் மகள் அழத் தொடங்கினாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என்னைக் குடைந்தது இதுதான்: அவள் கடைசியில் அழுதது பூட்டிக்காகவா, இல்லை அந்தச் சிநேகிதிக்காகவா?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருமுறை தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பற்றிச் சொன்னா. மனிதருடைய உணர்ச்சிகளை அது எட்டாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று அழுகை. அதோடு விடாமல், அழுகை எதனால் வரும் என்று நாலு காரணமும் சொல்கிறது. மற்றவர்கள் எங்களைக் கீழாகப் பார்ப்பதால் வருவது இளிவு. உறவையோ நேசித்த ஒன்றையோ இழப்பதால் வருவது இழவு. முன்பு இருந்த நிலை குலைந்துபோவதால் வருவது அசைவு. வேண்டியது கிடைக்காத இல்லாமையால் வருவது வறுமை. பதினான்கு வயதில் இதைச் சோதனைக்காகப் பாடமாக்கினேன். இருபத்துநாலு வருடம் கழித்து, மகளின் அறை வாசலில் நிற்கும்போதுதான் இது எதற்கு உதவும் என்று விளங்கியது.

மகளுக்கு முதலில் வந்தது இழவு. அது சுத்தமான வலி. அவளை அதில் ஒருவரும் குறைக்கவில்லை. ஸ்டோரியாகப் போட்ட நிமிடத்திலிருந்து அது இளிவாக மாறத் தொடங்கியது. ஆர் பார்த்தது, ஆர் பார்த்தும் பேசாமல் இருந்தது, ஆர் சிரித்தது என்ற கணக்கு மேலே ஏறி, பூட்டி கீழே போய்விட்டா. 140 கொமென்ட் எண்ணின எனக்கும் அதுதான் நடந்தது. எனக்கு எண்ணிக்கை கூட, அவளுக்குக் குறைய. வித்தியாசம் அவ்வளவுதான்.

சமூக வலைத்தளங்களில் வலியைச் சொல்வதில் இருக்கிற பெரிய சிக்கல் இது என்று நினைக்கிறேன். வலியைச் சொல்வதில் பிழையில்லை. சொன்ன இடத்தில் ஒரு எண்ணும் கூடவே வருகிறது. எந்த வலியும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டால், எனக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வியாகிவிடும். பெரியவர்களுக்கே அது கஷ்டம். 13 வயதில் கேட்கவே வேண்டாம்.

எங்கள் அம்மா அப்பா காலத்தில் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும். இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று உறவு முழுக்க வாசிப்பார்கள். கேட்டவர்கள் உடனே எழும்பி வருவார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் தேத்தண்ணியும் சாப்பாடும் கொண்டுவருவார்கள். வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத் திவசம். அழுகிறதுக்கு ஒரு இடமும், அதை மெல்ல மெல்ல இறக்கி வைக்கிறதுக்கு நாட்களும் இருந்தன.

அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆர் வந்தது, ஆர் வராமல் விட்டது என்ற கணக்கு அங்கேயும் வருடக்கணக்காக ஓடும். ஆனாலும் வந்த ஆள் ஒரு உடம்போடு வந்தது. தோளில் கை வைத்தது. அழுகிற ஆளுக்கு வசனம் எழுதவேண்டிய வேலை இருக்கவில்லை.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் பெற்றோருக்கு இந்தப் பந்தல் இல்லாமல் போனது. 83ஐயும் 95ஆம் ஆண்டு வலிகாமம் இடம்பெயர்வையும் அவர்கள் இரண்டு வேலைக்கும் நடுவில் விழுங்கினார்கள். வீட்டில் அதைப் பற்றிக் கதை இல்லை. பிறகு 2009 வந்தது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில். வன்னியிலிருந்து வருகிற படங்களையும் வீடியோக்களையும் நூலகத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன், அடுத்த மணிக்கு வகுப்புக்குப் போவேன். மே 10ஆம் திகதி ரொறொன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்ற சனத்துக்குள் நானும் நின்றேன். லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்களும் இதை வாசிக்கக்கூடும். வீட்டுக்கு வந்தால் அம்மா, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பா. நான் ஓம் என்பேன். இரண்டு பேரும் வேறு வேறு அறையில் அதே வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வலியை ஃபோனுக்குள் கொண்டுபோகிறார்கள் என்று நாங்கள் புதிதாக அதிர்ச்சி அடைய ஏலாது. முதலில் கொண்டுபோன ஆட்கள் நாங்கள்தான். வீட்டில் ஆரும் கேட்காத இடத்தில், பிள்ளை கேட்கிற இடத்தைத் தேடிப் போகும்.

ஃபோனால் எங்களுக்கு வந்த நன்மையையும் மறைக்கக்கூடாது. நேரலை இல்லாவிட்டால் அம்மா தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்கமாட்டா. நான் போட்ட போஸ்ட்டைக் கண்டு, அம்மாவோடு ஒன்றாகப் படித்த ஒருவர் நோர்வேயிலிருந்து அழைத்தார். ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அந்த ஒரு அழைப்பு 140 கொமென்டையும் விடப் பெரிது. ஆனால் அந்த போஸ்ட் இல்லாமல் அது வந்திருக்காது.

இந்தக் கருவிகளுக்குத் துக்கம் விளங்காது என்பதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. எரிக் மேயர் என்ற அமெரிக்க இணைய வடிவமைப்பாளரின் மகள் 2014 ஜூனில், தன் ஆறாவது பிறந்தநாள் அன்று, மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அந்த வருட முடிவில் ஃபேஸ்புக், உங்கள் வருடம் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஒரு தொகுப்பு செய்து காட்டியது. அவருக்கு வந்ததில் மகளின் படம். சுற்றிவர ஆடிப்பாடிக் கொண்டாடுகிற உருவங்கள். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை, கணினி நிரல் யோசிக்காது, என்று அவரே எழுதினார். அந்த நிறுவனத்தில் பொறுப்பாக இருந்தவர் மன்னிப்புக் கேட்டார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: அதே இணைய உலகத்து ஆட்கள்தான் அந்தப் பிள்ளையின் நினைவாக, இணையப் பக்கங்களில் பயன்படும் ஒரு ஊதா நிறத்துக்கு அவளுடைய பெயரை வைத்தார்கள். அந்த நிறம் இன்றும் இருக்கிறது. எண்ணிக்கையில் அந்த அன்பு வரவில்லை. தெரிந்த சிலபேர் உட்கார்ந்து யோசித்ததில் வந்தது.

ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற இரண்டு விஷயம் எனக்கு உதவியது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்த சாண்ட்ரா பீலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நாலு நாள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதவேண்டும். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் சுகாதார நிலையத்துக்குப் போனது மற்றவர்களை விடக் குறைவு. பிறகு வந்த பல ஆய்வுகளில் இந்தப் பலன் சிறியதாகவே தெரிந்தது, ஆகவே இது மருந்து இல்லை. நான் கவனித்தது வேறு. அந்த எழுத்துக்கு லைக் போட ஒருவரும் இல்லை.

மற்றது 2002இல் அமண்டா ரோஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதியது. சிநேகிதர்கள் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பக் கதைத்துக்கொண்டிருந்தால் நட்பு நெருக்கமாகிறது, ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் அதோடு சேர்ந்தே காணப்படுகின்றன என்று அவர் கண்டார். பெண்பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் கூட. இரவு ஒரு மணிவரைக்கும் ஓடுகிற குரூப் சாட்டைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபோனில் ஆருடனோ கதைக்கிறாள்தானே, பிரச்சினையில்லை என்று நாங்கள் இருந்துவிட ஏலாது.

இதையெல்லாம் யோசித்து எங்கள் வீட்டில் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பொருந்தினதை எடுங்கள்.

முதலாவது, செய்தி போகிற வரிசை. துக்கச் செய்தி முதலில் குரலில்தான் போகவேண்டும். ஆருக்கு ஆர் அழைப்பது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. தாய், தகப்பன், பிள்ளைகள், சகோதரங்கள் எல்லோருக்கும் சொல்லி முடியும்வரை ஒருவரும் போஸ்ட் போடுவதில்லை. லண்டன் தம்பிதான் இதற்கு முதலில் ஓம் சொன்னவர்.

இரண்டாவது, கேள்வியின் வரிசை. பிள்ளை எதையாவது போட்டிருக்கக் கண்டால், ஏன் போட்டாய் என்று தொடங்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு, இது எந்த நோ என்று சேர்ந்து பாருங்கள். ஒன்றை இழந்ததா? உன்னை ஆரும் குறைவாக நடத்தினதா? முன்பு இருந்த மாதிரி இல்லை என்பதா? வேண்டியது கிடைக்கவில்லை என்பதா? நாலையும் நாங்கள் குளிர்சாதனப்பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மகள் முதலில் கண்ணை உருட்டினாள். போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, "இண்டைக்கு இளிவு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினாள். அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே அதன் வேகம் கொஞ்சம் தணிகிறது என்று மூளையை ஆராய்கிறவர்களும் சொல்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு கொப்பி. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 15 நிமிடம். ஒருவருடையதை மற்றவர் வாசிப்பதில்லை. போடவேண்டும் என்று மனம் உந்தினால், முதலில் கொப்பியில் எழுதி ஒரு இரவு விடவேண்டும். விடிந்தும் போடவேண்டும் போல் இருந்தால் போடலாம். எல்லோருக்குமாக இல்லாமல், நெருங்கிய நண்பர்கள் பட்டியலுக்கு மட்டும்.

நாலாவது, சின்னச் சின்னப் பூட்டுகள். லைக் எண்ணிக்கையை மறைக்க இன்ஸ்டாகிராமில் வழி உண்டு. ஃபேஸ்புக்கில் பழைய நினைவுகள் வருகிற பகுதியில், குறிப்பிட்ட ஆளையோ நாளையோ காட்டவேண்டாம் என்று சொல்லிவைக்கலாம். அம்மாவின் ஃபோனில் மகள்தான் அதைச் செய்து கொடுத்தாள்.

ஐந்தாவது மிக முக்கியம். எல்லாத் துக்கத்தையும் வீட்டில் தாங்க ஏலாது. நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கிழமைக்கணக்கில் குழம்பினால், தன்னை நோகடித்தால், இருந்து என்ன பயன் என்ற மாதிரி எழுதினால் அல்லது சொன்னால், அதைச் சும்மா கவனம் ஈர்க்கிற வேலை என்று ஒதுக்காதீர்கள். குடும்ப வைத்தியரிடம் போங்கள். ஆக்கள் என்ன நினைப்பினம் என்று பார்க்காதீர்கள். உடனடி உதவிக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் 988. கனடாவில் பிள்ளைகளுக்கான கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் 1-800-668-6868. பிரித்தானியாவில் சைல்ட்லைன் 0800 1111. அவுஸ்திரேலியாவில் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. இந்த எண்களைப் பிள்ளையின் ஃபோனில் இன்றைக்கே சேமித்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன எனக்கு, பக்கத்தில் போய் இருப்பது இன்னும் பழகவில்லை. எங்களை வளர்த்தவர்கள் எங்களோடு அப்படி இருந்தது குறைவு. அவர்களுக்கும் நேரம் இருக்கவில்லை. அம்மாவோடு துக்கத்தைப் பற்றிக் கதைக்க எனக்குத் தமிழும் போதாது, தைரியமும் போதாது. அதை உடைத்தது மகள்தான்.

31ஆம் நாள். கீரிமலையில் அந்தியேட்டி முடித்து மாமா படங்கள் அனுப்பியிருந்தார். அம்மா எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. மகள் போய்ப் பக்கத்தில் இருந்தாள். தன்னுடைய ஃபோனைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த காதுப் படங்களைக் காட்டினாள். பதினொன்று. எல்லாம் அதே காது. மூன்றாவது படத்தில் அம்மா சிரிக்கத் தொடங்கினா. ஏழாவதில் நிறுத்தி, படத்தை விரலால் பெருப்பித்தா.

"உந்தத் துளை ஏன் இவ்வளவு பெரிசு எண்டு தெரியுமோ?" என்று மகளைக் கேட்டா. "கலியாணத்துக்குப் போட்ட தோடு, நல்ல பாரம். 86இல என்னை இஞ்சை அனுப்பக் காசு காணேல்லை. அதைக் கழட்டி வித்துத்தான் அனுப்பினவ. அதுக்குப் பிறகு ஆர் வாங்கிக் குடுத்தும் போடேல்லை."

எனக்கு 38 வயது. இதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

அம்மா அழுதா. மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு மூன்றாவது கதிரையை இழுத்துப் போட்டேன்.